றோசியும் இரவுக் கதவும்

எமது மாதர் சங்கக் கூட்டங்களில் கோழிக்கு வரும் நோய், கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசி முடிந்த பிறகு யாராவது ஒருவர் நாயைப் பற்றிக் கேட்பதுண்டு. வெளியே போய்ச் சலம் விடப் பழகிய வளர்ந்த நாய் திடீரென்று இரவில் வீட்டுக்குள் விடத் தொடங்கினால் என்ன செய்வது? அடிப்பதா, கட்டி வைப்பதா, கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவதா? இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆண் துணையில்லாமல் பிள்ளைகளுடன் தனித்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இது சிரித்துத் தள்ளக்கூடிய விடயம் அல்ல. இரவில் வீட்டுக்குள் படுத்திருக்கும் நாய்தான் அவளுக்குக் காவல். அந்தக் காவலை வைத்திருப்பதா இழப்பதா என்பதுதான் அவளுடைய கேள்வி. எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. நாங்கள் என்ன செய்தோம் என்பது மற்றச் சகோதரிகளுக்கும் உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், மீள்குடியேறிய ஒரு கிராமத்தில். கணவரை 2009இல் இழந்தேன். முகாமிலிருந்து 2010இல் ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலில் சில வருடங்கள் இருந்து, பிறகு வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறையும் விறாந்தையும் குசினியும் உள்ள வீடொன்றைக் கட்டிக்கொண்டோம். மலசலகூடம் வளவின் பின்பக்கத்தில், வீட்டிலிருந்து எட்டத்தில் இருக்கிறது. வீட்டில் என் அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள், நான்.

றோசி 2014இல் இரண்டு மாதக் குட்டியாக எங்களிடம் வந்தாள். வெள்ளையும் மண்ணிறமும் கலந்த ஊர் நாய். குட்டி நாய் எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணித்தியாலம்தான் சலத்தை அடக்கும் என்று சொல்வார்கள். எனவே முதலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவளை வேலியோரத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் விடுவோம். ஆறு மாதமாகும்போது நன்றாகப் பழகிவிட்டாள். 2016இல் ஊருக்கு வந்த கருத்தடை முகாமில் அவளுக்குச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். விசர்நாய்த் தடுப்பூசியும் வருடாவருடம் போட்டுவருகிறோம்.

இரவில் அவளை வெளியே விடுவதில்லை. தோட்டக்காரர் காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடியைக் கடித்துச் செத்த நாய்களை எங்கள் ஊரில் கண்டிருக்கிறோம். வீதியில் வாகனத்தில் அடிபட்டவையும் உண்டு. ஆகவே அவள் விறாந்தையில் கதவோடு ஒரு சாக்கில் படுப்பாள். படலையடியில் புதிய காலடிச் சத்தம் கேட்டால் குரைப்பாள். அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் நால்வரும் நித்திரை கொண்டோம். எட்டு வருடங்கள் வீட்டுக்குள் ஒரு துளி விடாமல் இருந்தவள் அவள்.

பிரச்சினை தொடங்கியது 2022 ஐப்பசி மழையோடு. ஒரு வாரத்தில் மூன்று நாட்கள் விடிய எழும்பும்போது விறாந்தை நனைந்திருந்தது. அடுத்த வாரம் ஐந்து நாட்கள். மூத்தவள் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாயில் விரித்து வைத்த அவளுடைய குறிப்புக் கொப்பி ஒன்று நனைந்து எழுத்துகள் ஊறிப்போயின. அதைவிடப் பயங்கரமானது பிறகு நடந்தது. இரவு மூன்று மணியளவில் தண்ணீர் குடிக்க எழும்பிய அம்மா, இருட்டில் ஈரத்தில் கால் வைத்து வழுக்கி விழுந்தா. நல்ல காலம், எலும்பு முறியவில்லை. கைமூட்டு வீங்கி இரண்டு கிழமை வேலை செய்ய முடியாமல் இருந்தா. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நாங்கள் அயலில் கண்டிருக்கிறோம்.

“பிள்ளை, உதை இனி வீட்டுக்குள்ள வைச்சிருக்கேலாது. சந்தையடியில கொண்டுபோய் விட்டிட்டு வா. அங்க திண்டு பிழைச்சுக்கொள்ளும்” என்று அம்மா சொன்னா. அவ கல்நெஞ்சக்காரி அல்ல. தன் தட்டத்தில் இருந்து றோசிக்கு மீன்தலை எடுத்துக் கொடுப்பவவும் அவதான். வலியிலும் பயத்திலும் சொன்ன வார்த்தை அது. அயலில் ஒருவர், “வீட்டில ஏதோ கோபம், பழிக்குச் செய்யுது. மூக்கைச் சலத்தில தேய்ச்சு நாலு அடி போடுங்கோ” என்றார்.

பழிக்குச் செய்கிறது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. முகாமில் இருந்தபோது எத்தனையோ தாய்மார் காலையில் பிள்ளைகளின் பாயையும் துணியையும் தறப்பாளுக்கு மேலே காயப்போட்டதைக் கண்டிருக்கிறேன். ஐந்து வயது, ஏழு வயது வரை நனைக்காமல் இருந்த பிள்ளைகள் அங்கே மறுபடியும் நனைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் தாயைப் பழிவாங்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உடம்பும் மனமும் தாங்காதபோது அப்படி நடக்கும். வாய் பேசும் பிள்ளைக்கே அப்படியென்றால், பேச முடியாத ஒரு பிராணிக்கு எப்படி இருக்கும்?

“பிழை செய்ததென்று அதுக்குத் தெரியும், முகத்தைப் பாருங்கோ” என்று பலர் சொல்வார்கள். காதைச் சாய்த்து, வாலை ஒடுக்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்கும் அந்த முகத்தைப் பற்றி அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பதினான்கு நாய்களைக் கொண்டு அவர் பார்த்ததில், நாய் உண்மையில் பிழை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், உரிமையாளர் ஏசும்போதுதான் அந்த முகம் கூடுதலாக வந்தது. அதாவது அது குற்ற உணர்ச்சி அல்ல. எங்கள் கோபத்தைக் கண்ட பயம். இரவு இரண்டு மணிக்கு நடந்ததற்கு விடிய ஐந்தரைக்கு அடித்தால், அடி எதற்கு என்று நாய்க்கு விளங்காது. எங்கள் முன்னால் சலம் விடக்கூடாது என்று மட்டும் அது பழகிக்கொள்ளும். பிறகு மேசைக்குக் கீழும் மூட்டைக்குப் பின்னாலும் ஒளித்து விடும். வெளியே கூட்டிப்போனாலும் எங்கள் முன்னிலையில் விடாது. அடித்தால் பிரச்சினை கூடுமே தவிரக் குறையாது.

எனவே அடிப்பதை விட்டு, பார்க்கத் தொடங்கினோம். சின்னவளின் பழைய கொப்பி ஒன்றில் பத்து நாட்கள் மூன்று விடயங்களை எழுதினோம். எங்கே நனைந்திருக்கிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. இதைப் பிறகு கால்நடை வைத்தியரிடம் காட்டியபோது, பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள் என்றார். அவர் விளங்கப்படுத்தியதை இங்கே தருகிறேன்.

நாய் படுத்த சாக்கிலேயே ஈரம் இருந்து, அதன் பின்பக்க மயிரும் நனைந்திருந்தால், அது நித்திரையில் தன்னை அறியாமல் ஒழுகுகிறது. கருத்தடை செய்த பெட்டை நாய்களுக்குச் சில வருடங்கள் கழித்து இப்படி வருவதுண்டு. வயதான நாய்களுக்கும் வரும். இதற்கு மருந்து இருக்கிறது. எத்தனை பழக்கினாலும் பழக்கத்தால் தீராது.

மேசைக்கால், அரிசி மூட்டை, சுவர் மூலை என்று நிமிர்ந்து நிற்கும் பொருட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால், அது எல்லை குறிப்பது. பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவன் நாய்களின் வேலை. அயலில் பெட்டை நாய் பருவத்துக்கு வந்தாலோ, புதிய நாய் ஒன்று வந்தாலோ இது தொடங்கும். கருத்தடை செய்வதால் பெரும்பாலும் குறையும்.

இடி முழங்கிய இரவிலும் சீனவெடி கொளுத்திய இரவிலும் மட்டும் நடந்தால், அது பயம்.

கதவுக்குப் பக்கத்தில், ஒரே தடவையில், பெருந்தொகையாக விட்டிருந்தால், நாய் அடக்கிப் பார்த்திருக்கிறது, வெளியே போகக் கதவடிக்கு வந்திருக்கிறது, கதவு திறக்கவில்லை.

எங்கள் கொப்பியில் பத்து இரவுகளில் ஏழு இரவுகள் நனைந்திருந்தன. அதில் ஆறு கதவடியில், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். ஆனால் இன்னொன்றையும் மூத்தவள் கவனித்து எழுதியிருந்தாள். பகலிலும் றோசி அடிக்கடி குந்துகிறாள். குந்திக் குந்திச் சில துளிதான் விடுகிறாள். அந்த வரியைப் படித்த வைத்தியர் உடனே சலத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

நாயின் சலத்தைப் பிடிப்பது பெரிய வித்தை அல்ல. விடிய முதல் தடவை குந்தும்போது, சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்த தட்டையான தட்டம் ஒன்றைப் பின்னால் இருந்து மெல்ல நீட்டினால் போதும். முதல் நாள் றோசி வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். இரண்டாம் நாள் கிடைத்தது. சுத்தமான சிறு போத்தலில் ஊற்றி மூடி, வெயில் படாமல், இரண்டு மணித்தியாலத்துக்குள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்றும் அளந்து வரச் சொன்னார்கள். ஒரு லீற்றர்ப் போத்தலால் அளந்து சட்டியில் ஊற்றி, அடுத்த நாள் மிச்சத்தை அளந்து கழித்தோம். நெல் நிறுக்கும் தராசில் றோசி 15 கிலோ. நாயின் நிறையில் கிலோ ஒன்றுக்கு ஒரு நாளில் 100 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவை நாய்களுக்கும் வருகின்றன. றோசியின் எல்லை ஒன்றரை லீற்றர். அவள் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே குடித்தாள். சலத்தில் சீனி இல்லை. கிருமித்தொற்று இருந்தது. இரண்டு கிழமைக்கு மாத்திரை தந்தார்கள். நான்காம் நாளே சுகம்போலத் தெரிந்தாலும் கடைசி மாத்திரை வரை கொடுத்தோம். இடையில் நிறுத்தினால் கிருமி திரும்ப வரும்.

மருந்து முடிந்ததும் பகலில் அடிக்கடி குந்துவது நின்றது. இரவில் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பத்து இரவில் நான்கு இரவு கதவடி நனைந்தது. நோய் போன பிறகும் ஏன் என்று யோசித்தபோதுதான் சின்னவள் விரல் மடித்து எண்ணினாள். பின்னேரம் ஆறு மணிக்குக் கதவு பூட்டுகிறோம். விடிய ஐந்தரைக்குத் திறக்கிறோம். பதினொன்றரை மணித்தியாலம். வளர்ந்த, சுகமான நாய் இரவில் ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம் வரை அடக்கும். எட்டு வயதைத் தாண்டிய நாய்க்கு அதுவும் கஷ்டம்.

“அம்மா, எங்களுக்கு வாளி இருக்கு. றோசிக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாள் சின்னவள்.

இந்த வாளியைப் பற்றி நாங்கள் வெளியே பேசுவதில்லை. ஆனால் எங்கள் வாசகிகளில் பலருக்கு அது என்னவென்று தெரியும். மலசலகூடம் வளவின் பின்னால் இருக்கிறது. இருட்டிய பிறகு பெண்கள் மட்டும் உள்ள வீட்டில் கதவைத் திறக்க மனம் வராது. எனவே அறையின் மூலையில் ஒரு வாளியை வைத்துக்கொள்கிறோம். இரவில் கதவு என்பது எங்களில் பலருக்கு என்ன பொருள் தந்தது என்பதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. இருட்டோடு கதவைப் பூட்டியது எமது பாதுகாப்புக்காக. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முன்பு எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு ஒரு தடவை கதவு திறக்கும் வழக்கம் இருந்தது. வெளியில் ஒரு மின்குமிழ் எரியும். அந்த வெளிச்சத்தில் றோசி வேப்பமரம் வரை போய் வருவாள். 2022இல் மின்வெட்டு வந்தது. அந்த வருடம் பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைகூட மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். வளவு முழுவதும் இருட்டு. மண்ணெண்ணெயும் இல்லை. அப்போது ஒன்பது மணிக் கதவு நின்றுபோனது. பிறகு மின்வெட்டு குறைந்தாலும் அந்த வழக்கம் திரும்பவில்லை. மழை தொடங்கியதும் இன்னொன்று சேர்ந்தது. ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காமல் றோசி பின்னேரம் வெளியே போய் உடனே திரும்பிவிடுவாள். பை காலியாகாமலே படுத்துவிடுவாள். தொற்றும் வந்து சேர, அடக்க முடியாமல் போயிற்று.

ஆக, மருந்தின் வேலை முடிந்துவிட்டது. மிச்சம் கதவின் வேலை. நாயைப் பழக்குவதற்கு முதல் இரவில் கதவைத் திறக்க நாங்கள் பழக வேண்டியிருந்தது.

முன்வீட்டில் ஓர் அக்கா தனியாக மகனுடன் இருக்கிறா. வலப்பக்க வளவில் இன்னொரு குடும்பம். அங்கேயும் பெண்தான் தலைவி. மூன்று வீட்டிலும் நாய் உண்டு. நான் போய் அவர்களுடன் கதைத்தேன். ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பதரைக்கு மூன்று வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறப்பது என்று முடிவெடுத்தோம். வெளி மின்குமிழ் போட வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் ரோச்லைற். திறந்ததும் குரல் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் இருந்து குரல் வராவிட்டால் மற்ற இரண்டு வீடும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

“அக்கா, நாங்கள் திறந்திட்டம்!” என்று நான் கூப்பிடுவேன். “ஓம் தங்கச்சி, நானும் நிக்கிறன்” என்று அங்கிருந்து பதில் வரும். முதல் சில இரவுகள் கால் நடுங்கியது உண்மை. ஒரு கையில் ரோச்லைற், மறு கையில் றோசியின் கயிறு, பின்னால் இரண்டு பிள்ளைகள். அவள் மரத்தடியில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகளும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராக மலசலகூடம் போய் வந்தார்கள். ஒரு மாதமாகும்போது அறை மூலையில் இருந்த வாளி தேவைப்படாமல் கிணற்றடிக்குப் போய்விட்டது. நாய்க்காகத் தொடங்கிய காரியத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்.

மறுபடியும் பழக்கும்போது நாங்கள் கைக்கொண்டவை இவை.

இரவில் நாயைத் தானே போகட்டும் என்று வெளியே விடாமல் கயிற்றில் கூட்டிப்போனோம். தனியே விட்டால் அது வேலியை மோந்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும். ஒவ்வொரு நாளும் அதே மரத்தடி. பழைய வாசம் அதற்கு நினைவூட்டும். அங்கே போய் “றோசி, போ” என்ற ஒரே சொல். பிறகு விளையாட்டும் பேச்சும் இல்லாமல் ஐந்து நிமிடம், தேவையானால் பத்து நிமிடம் பொறுத்து நின்றோம். அவள் விட்டு முடித்த அந்தக் கணமே ஒரு பாண் துண்டும் ஒரு தடவலும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. மழை நாட்களில் ஓர் உரப்பையை அவளுடைய முதுகில் கட்டி, குடையுடன் போனோம். மரத்தடியில் மணல் கொட்டி மேடாக்கியதும் ஈரத்துக்குப் பின்வாங்குவது குறைந்தது.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணியில் இருந்து ஆறு மணிக்கு மாற்றினோம். கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றை நிறுத்தினோம். உப்பு கூடினால் இரவில் தாகம் எடுக்கும். குடித்ததெல்லாம் நடுச்சாமத்தில் வெளியே வரும். வெங்காயமும் நாய்க்கு ஆகாது. இப்போது உப்பில்லாமல் அவித்த மீனும் சோறும் கொடுக்கிறோம். தண்ணீரை மட்டும் மறைக்கவில்லை. தண்ணீர் வைக்காமல் விட்டால் நனைக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் வெக்கைக்கு அது கொடுமை. சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ள நாய் என்றால் உயிருக்கே ஆபத்து.

விடியக் கதவைத் திறப்பதை ஐந்து மணிக்கு முன்தள்ளினோம். முதல் இரண்டு கிழமை நடு இரவு இரண்டு மணிக்கும் மணிக்கூடு வைத்து எழும்பிக் கூட்டிப்போனோம். அது காய்ந்த இரவுகள் தொடர்ந்து வரும்படி செய்தது. பிறகு அந்த நேரத்தை ஒவ்வொரு மூன்று நாளுக்கும் அரை மணித்தியாலம் பின்தள்ளி, ஐந்து மணியுடன் சேர்த்துவிட்டோம். கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு பழைய சிறு மணியையும் கட்டினோம். வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய மூக்கால் மணியைத் தட்டவைத்தோம். மூன்று கிழமையில் தானே தட்டப் பழகினாள்.

நனைந்த இடத்தைச் சுத்தம் செய்வதிலும் விடயம் இருக்கிறது. எங்கள் மூக்குக்குத் தெரியாத வாசம் நாய்க்குத் தெரியும். வாசம் இருக்கும் வரை அந்த இடம் அதற்கு மலசலகூடம்தான். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, அப்பச்சோடாவைத் தூவி, காய்ந்ததும் கூட்டி எடுங்கள். மண் நிலம் என்றால் ஊறிய மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு மெழுகுவதே நல்லது. சாக்கைக் கழுவி நல்ல வெயிலில் போடுங்கள். குளோரினைச் சலத்தின் மேலே ஊற்ற வேண்டாம். வினாகிரியுடன் கலக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சலத்திலும் இருக்கலாம். ஆகவே கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு துடையுங்கள். காலில் புண் உள்ளவர்கள் வெறுங்காலுடன் மிதிக்க வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

எங்கள் கணக்கில் ஆறு கிழமைக்குப் பிறகு விறாந்தை காய்ந்திருந்தது. இடையில் மார்கழியில் பெரிய இடி முழங்கிய ஓர் இரவில் மட்டும் ஒரு தடவை நனைந்தது. அன்று றோசி நடுங்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய் ஒடுங்கினாள். நாங்களும் அந்தச் சத்தத்தில் நித்திரை கொள்ளவில்லை. யாரும் அவளை ஏசவில்லை. அம்மா ஒரு பழைய சேலையை மடித்துப் பக்கத்தில் போட்டு, “படு பிள்ளை, இடிதான், வேறொன்றும் இல்லை” என்று சொன்னா. நாயைச் சந்தையடியில் விடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. வெடி கொளுத்தும் தீபாவளி, வருடப்பிறப்பு நாட்களில் இருட்டுவதற்கு முன்பே அவளை ஒரு நல்ல நடை கூட்டிப்போய், உள்ளறையில் யன்னலை மூடி, வானொலியைப் போட்டு விடுகிறோம்.

சில அறிகுறிகளைக் கண்டால் பழக்கிப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சலத்தில் இரத்தம், முக்கி முக்கியும் சலம் வராமை, வாந்தி, திடீரென மெலிதல், அளவுக்கு மிஞ்சிய தாகம் ஆகியவை இருந்தால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் போங்கள். கடுவன் நாய்க்குச் சலம் முற்றாக அடைபட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது. பனடோல் போன்ற எங்கள் மருந்துகளை நாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

றோசிக்கு இப்போது 11 வயது. முகமெல்லாம் நரைத்துவிட்டது. வயதின் காரணமாகச் சில நாட்களில் நடு இரவிலும் ஒரு தடவை மணியைத் தட்டுகிறாள். வயதான நாய்க்கு அது இயல்பு என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான் எழும்பி வெளி மின்குமிழைப் போட்டு, முற்றத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறேன். மூன்று வீட்டின் ஒன்பதரை மணிக் குரலும் இன்று வரை நிற்கவில்லை. இப்போது அதில் ஐந்து வீடுகள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் நாயே இல்லை. உங்கள் ஊரிலும் இரவில் கதவு திறக்கத் தயங்கும் வீடுகள் அருகருகே இருக்கும். நாய் வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும், ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.